கடையநல்லூர்த் தெருவும் நமது வீதிகளும்

சிங்கப்பூரில், மாக்ஸ்வெல் சாலைச் சாப்பாட்டுக் கடைகளின் அருகே ஒரு சிறிய தெரு இருக்கிறது. கடையநல்லூர்த் தெரு என்பது அதன் பெயர். உல்லாசப் பயணிகள் நாள்தோறும் அதன் பக்கமாக நடந்து போகிறார்கள். பலகையிலுள்ள ரோமன் எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க முயன்று, நாக்கு மடங்காமற் போகவே, கோழிச்சோற்றுக்கு நிற்கும் வரிசையிற் போய்ச் சேர்ந்துகொள்கிறார்கள். நிந்தவூரிலிருந்தோ மருதமுனையிலிருந்தோ போகிற ஒருவர் மட்டும் அந்தப் பலகையின் கீழே சற்று நின்றுவிடுவார். கடையநல்லூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், முன்பு திருநெல்வேலி மாவட்டத்திலும் 2019 முதல் தென்காசி மாவட்டத்திலும் அடங்கிய ஊர். தறிச் சத்தத்துக்குப் பேர்போன முஸ்லிம் நெசவாளரின் ஊர். அந்த ஊரின் பெயர் கடல் கடந்து வந்து ஒரு பெருநகரத்தின் பலகையில் ஏறியது எப்படி?

குடியேறிய மக்களின் சங்கங்களுக்குத் தெருப் பெயரால் மரியாதை செய்வது மேனாட்டு நகரசபைகளுக்குப் புதிய வழக்கமன்று. போலந்துக்காரரின் சங்கமோ இத்தாலியரின் சங்கமோ ஆண்டுவிழாக் கொண்டாடும். நகரபிதா வருவார்; திரை விலகும்; பலகை தெரியும்; கைதட்டல் எழும். இதனை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. சொந்த மண்ணில் வாழ வழியின்றிப் பிறநாடு சென்று, அங்கே பிறர் செய்ய மறுத்த வேலைகளையெல்லாம் செய்தவர்களுக்கு ஒரு பலகையளவு இடமேனும் கிடைப்பது நல்லதே. ஆயினும் அந்தப் பலகையை யார் கேட்டார், யார் கொடுத்தார், அவர்களில் எத்தனை பேர் அந்தத் தெருவில் இன்றும் குடியிருக்கிறார் என்று விசாரியாமல் என்னாற் கைதட்ட முடியவில்லை.

முதலிற் கடையநல்லூர்க்காரரின் கதையைப் பார்ப்போம். ஆலைத் துணி கைத்தறியைத் தின்னத் தொடங்கிய காலத்தில், நெசவை நம்பி வாழ்ந்த பல தென்னாட்டு ஊர்கள் ஆட்களை ஏற்றுமதி செய்யும் ஊர்களாயின. கடையநல்லூரும் தென்காசியும் அவற்றுட் சில. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வூர்களிலிருந்து கப்பலேறியவர்கள் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார்த் துறைமுகத்தை அண்டி வாழ்ந்தனர். ஆண்கள் துறைமுகத்திற் கூலி வேலை பார்த்தனர். தெருவில் உண்டி விற்றனர். ஏனைய தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கும் இவர்களுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வணிகர் தம் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, கடைக் கணக்கோடு போய்க் கணக்கோடு திரும்பினர். கடையநல்லூர்க்காரரோ குடும்பத்தோடு போனார்கள். போன பெண்கள் சும்மா இருக்கவில்லை. அம்மியில் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்துச் சந்தைகளில் விற்றார்கள். அந்த நகரத்து மக்கள் உண்ட கறியிலே இந்தப் பெண்களின் தோள்வலி கலந்திருந்தது. சிங்கப்பூரின் வர்த்தகப் பெருமையைப் பாடும் நூல்களில் அம்மிச் சத்தம் கேட்பதில்லை என்பதை இங்கே சொல்லாமற் போக முடியவில்லை.

1941ஆம் ஆண்டில் இவர்கள் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தனர். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது; ஜப்பானிய ஆட்சி வந்தது. மூன்றரை ஆண்டுக்காலப் பஞ்சமும் பயமும் கழிந்து போர் ஓய்ந்ததும் சங்கம் செய்த முதன்மையான காரியம் என்ன தெரியுமா? 1946இல் ஒரு தமிழ்ப் பாடசாலையைத் திறந்தது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் உமறுப் புலவர் தமிழ்ப் பாடசாலை.

இந்தப் பெயரின்மேல் நாம் சற்று நிலைத்து நிற்க வேண்டும். பெயரிடும் உரிமை உழைக்கும் மக்களின் சங்கம் ஒன்றின் கைக்கு வந்தபோது அது யாரைத் தேர்ந்தது என்பதற்கு இது சான்று. ஆளுநரின் பெயரை இட்டிருக்கலாம், சலுகை கிடைத்திருக்கும். செல்வரொருவரின் பெயரை இட்டிருக்கலாம். கட்டட நிதி கிடைத்திருக்கும். அவர்கள் எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் ஒரு புலவனைத் தேடி எடுத்தார்கள். நபிகள் நாயகத்தின் வாழ்வைத் தமிழ்க் காப்பியமாக, தமிழ் மரபின் நாட்டு வருணனையும் நகர வருணனையும் குன்றாமற் செய்தவர் உமறுப் புலவர். சீறாப்புராணத்தில் அரபுநாட்டில் மழை பெய்து ஆறு பெருகி வயல் விளைகிறது. இதைப் புவியியற் பிழை என்று நகைக்கும் பண்டிதரும் உண்டு. பிழையன்று, தன் மண்ணின் மொழியிலன்றித் தன் மார்க்கத்தையும் நினைத்துப் பார்க்க முடியாத ஒரு மக்கட் கூட்டத்தின் உண்மை அது. பிழைக்க வந்த ஊரிலே, கூலிக்காரரும் அம்மி அரைப்போரும் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்பிய சொத்து இதுதான்: முஸ்லிமாய் இருப்பதற்காகத் தமிழை விட வேண்டியதில்லை, தமிழ் கற்பதற்காக மார்க்கத்தை ஒளிக்க வேண்டியதுமில்லை. கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களில் தமிழ் ஆசிரியராய் இருப்போர்க்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

அந்தப் பாடசாலை 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழ்மொழி மூலம் உயர்நிலைக் கல்வி தந்தது. 1982இல் மூடப்பட்டது. பெற்றோர் ஆங்கிலப் பாடசாலைகளை நாடினர். மாணவர் தொகை குறைந்தது. இதற்காகப் பெற்றோரைக் குறை கூறுவது எளிது, நியாயமன்று. வேலைக்கான மொழி ஆங்கிலம் என்று அரசும் சந்தையும் ஒருங்கே தீர்ப்புச் சொன்ன பிறகு, துறைமுகத் தொழிலாளியின் மகனை மட்டும் மொழிக்காகத் தியாகம் செய் என்று கேட்க நாம் யார்? புலவரின் பெயர் அரசு நடத்தும் தமிழ்மொழி நிலையம் ஒன்றில் இன்றும் வாழ்கிறது. அந்நிலையம் இருப்பது வேறிடத்தில். தஞ்சோங் பகாரில் நெருக்கமாக வாழ்ந்த குடும்பங்களும், நகரப் புனரமைப்பின் பெயரால், தீவெங்கும் எழுந்த அடுக்குமாடிகளுக்குச் சிதறிப் போயின. சங்கம் இருக்கிறது, நற்பணிகள் செய்கிறது. ஆனால் தெருவில்? அங்கே எஞ்சியது ஊரின் பெயர் தாங்கிய பலகை.

மக்கள் போன பின் பெயர் மிஞ்சுவது உலகெங்கும் கண்ட காட்சி. சென்னை ஜார்ஜ் டவுனில் ஆர்மீனியர் தெரு என்று ஒன்று உண்டு. 1772இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம் இன்னும் அங்கே நிற்கிறது. உலகின் முதலாவது ஆர்மீனியச் சஞ்சிகையான ‘அஸ்தரார்’ 1794இல் வெளிவந்தது சென்னையில்தான் என்பது தமிழ்ச் சஞ்சிகை நடத்திக் கடன்பட்டோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. ஆர்மீனியர் போய்விட்டனர். தமிழ் மக்களின் வாய் அந்தத் தெருவை அரண்மனைக்காரத் தெரு ஆக்கிவிட்டது! அரண்மனையும் இல்லை, அரண்மனைக்காரரும் இல்லை. ஒரு சமூகத்தின் நினைவு, நினைப்பவர் இல்லாதபோது, ஓசையொப்புமை மட்டுமாகிப் போகிறது.

இனி, பெயரை யார் இடுகிறார் என்ற வினா. சிங்கப்பூரிலேயே இதற்கு இன்னொரு பாடம் இருக்கிறது. 1822இல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் மக்களை இனவாரியாகப் பிரித்து இடம் ஒதுக்கியது. சீனருக்கு ஓரிடம், அராபியருக்கு ஓரிடம், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களான சூலியருக்கு ஓரிடம். அக்காலத்தில் அங்கே எழுந்த ஒரு தெரு ‘கிளிங் ஸ்திரீட்’ எனப்பட்டது. கலிங்கம் என்ற பழம்பெயரின் வழிவந்த சொல்லாக அதனைக் கருதுவர். பிறப்பில் அச்சொல் இழிவானதன்று. ஆனால் அந்தச் சொல்லால் அழைக்கப்பட்டவர்கள் விலங்கிட்ட கைதிகளாகவும் சுமை தூக்குவோராகவும் வண்டியோட்டிகளாகவும் கண்ணிற் பட்டபோது சொல்லும் இழிவுற்றது. சொல்லை அழுக்காக்குவது அகராதியன்று, கூலி முறையே. இந்தியச் சமூகத்தார் அப்பெயரை ஆட்சேபித்தனர். 1920களின் தொடக்கத்தில் அது சூலியா ஸ்திரீட் ஆயிற்று. ஆனால் பினாங்கில், 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதே சொல்லைத் தாங்கி இன்றும் பெருமையோடு நிற்கிறது. தாமே எழுப்பிய பள்ளிவாசலின் பெயரில் கௌரவமாய் ஒலிக்கும் சொல், பிறன் நட்ட பலகையில் வசையாகிறது.

நம் கொழும்பிலும் கொம்பனித்தெருவில் மலே வீதி உண்டு, ஜாவா ஒழுங்கை உண்டு. அந்நிய ஆட்சி தன் படைக்கும் பணிக்கும் கொண்டுவந்த மக்களின் தடங்கள் அவை. இத்தகைய பெயர்களில் நினைவும் உண்டு, முத்திரையும் உண்டு. “இவர்கள் வேறிடத்திலிருந்து வந்தவர்கள்” என்ற முத்திரை பலகையில் ஏறிவிட்டால், இருநூறு ஆண்டு கழிந்தும் பேரப்பிள்ளைகளின் முதுகிலிருந்து அது இறங்குவதில்லை. குடியேறியோர் சங்கம் என்று மரியாதை செய்கிற நகரசபை அறிந்தோ அறியாமலோ, “நீங்கள் இன்னும் குடியேறியோரே” என்று சொல்லிவிடவும் கூடும். இந்த நாட்டில் ‘வந்தேறி’ என்ற வசை யார் யார்மீது எப்போதெல்லாம் வீசப்படுகிறது என்பதை அறிந்த நமக்கு இது வெறும் தர்க்கமாய்ப் படாது.

போலந்துக்காரரின் கதை இன்னும் நுட்பமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மூன்று பேரரசுகளாற் பங்கு போடப்பட்டு வரைபடத்திலேயே இல்லாது போன நாட்டிலிருந்து, நிலமற்ற குடியானவர் இலட்சக்கணக்கில் அமெரிக்கா சென்றனர். சிக்காகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் உருக்காலைகளிலும் வேலை செய்தனர். 1880இல் பிலடெல்பியாவிலே தோன்றிப் பின் சிக்காகோவைத் தலைமையிடமாகக் கொண்ட போலந்துத் தேசியக் கூட்டணி இவர்களின் பெருஞ்சங்கம். கொடியும் கீதமும் ஒருபுறமிருக்க, அதன் உயிர்நாடி காப்புறுதியிலே இருந்தது: உறுப்பினன் இறந்தால் அவன் குடும்பத்துக்குப் பணம். ஆலையில் மனிதன் இயந்திரத்தில் அகப்பட்டுச் செத்தால் முதலாளி பொறுப்பேற்காத காலத்தில், தொழிலாளர் தம் சில்லறையைச் சேர்த்துத் தம் விதவைகளைக் காத்தனர். நம் ஊர்களின் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களை அறிந்தவருக்கு இது அந்நியமான செய்தியன்று. 1912இல் அந்தக் கூட்டணி பென்சில்வேனியாவில் ஒரு கல்லூரியும் திறந்தது. அதுவும் 1987இல் மூடப்பட்டது என்பதை உமறுப் புலவர் பாடசாலையோடு வைத்துப் பாருங்கள்.

1933இல், போலந்துக்காரரின் வாக்குப் பலத்தை நன்கு உணர்ந்த சிக்காகோ நகராட்சி, கிராபோர்ட் அவெனியூ என்ற நெடுஞ்சாலைக்குப் புலாஸ்கி சாலை என்று பெயர் மாற்றியது. கடைக்காரர்கள் கொதித்தெழுந்தனர். கடிதத் தாள்களை மாற்றி அச்சிட வேண்டும், வாடிக்கையாளர் குழம்புவர் என்றனர். உள்ளே இருந்த காரணத்தை வெளியே சொல்லவில்லை. வழக்கு, மேல்வழக்கு என்று ஏறத்தாழ இருபது ஆண்டு இழுபட்டு, 1952இல் இல்லினோய் மாநில உயர்நீதிமன்றத்திலேதான் புலாஸ்கி சாலை நிலைத்தது. இறைச்சி வெட்டுவோரின் இனத்துப் பெயரைத் தம் கடை வாசலில் வைக்க மனமில்லாதோர்க்கு எதிராக அந்த மக்கள் பெற்ற வெற்றி அது, வெற்றியே, ஐயமில்லை.

ஆனால் யார் இந்தப் புலாஸ்கி? அமெரிக்க விடுதலைப் போரில் 1779இல் சவன்னாவிலே மாண்ட குதிரைப்படைத் தளபதி. போலந்தின் பிரபு வம்சத்தவன். வீரன்தான். ஆயினும் அந்தச் சாலையோரத்து வீடுகளில் இருந்தவரின் பாட்டன்மாரை உழுது உழைக்க விட்டுத் தாம் உண்டவர்கள் அவன் வகுப்பாரே. தொழிலாளர் தெருவுக்குப் பெயர் வேண்டும் என்றபோது பெயர் மேலிருந்து வந்தது. குதிரையில் வந்தது என்றும் சொல்லலாம். விதவைகளுக்காகச் சில்லறை சேர்த்தவர்கள் எந்தப் பலகையில் இருக்கிறார்கள்? தனிமனிதனைப் போற்றுவது எளிது: அவனுக்கு முகம் உண்டு, சிலை வடிக்கலாம். சங்கத்துக்கு முகமில்லை, சந்தாப் புத்தகம் மட்டுமே உண்டு. எனவேதான் தனியொரு தலைவனுக்கல்லாமல் ஒரு சங்கத்துக்கே தெருப் பெயர் இடப்படுகிறது என்றால், அதனை நான் மேலானதொரு மரியாதையாகக் கொள்கிறேன். கடையநல்லூர்த் தெருவிலும் அந்தச் சிறப்பின் ஒரு கூறு உண்டு. அங்கே லீக்கின் பெயர் இல்லை. ஆயினும் ஒரு தனவந்தனின் பெயருமன்று. ஓர் ஊராரின் பெயர். அம்மி அரைத்த பெண்ணும் அதற்குள் அடங்குவாள்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் கரைக்கு வருவோம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நடந்து பாருங்கள். பள்ளிவாசல் வீதி, கடற்கரை வீதி, வைத்தியசாலை வீதி என்று தொழிலாற் பெயர் பெற்றவை நல்லவை, அவற்றில் வஞ்சகமில்லை. மற்றவற்றிற் பல, மந்திரிமாரையும் சபைத் தலைவரையும் கொடை வழங்கிய செல்வரையும் சுட்டுவன. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து இந்தக் கரையைச் சவக்காடாக்கிய பின்னர் பலகைகள் பெருகின. வீடு கொடுத்த நாட்டின் பெயர், நிதி கொடுத்த நிறுவனத்தின் பெயர், திறந்து வைத்தவரின் பெயர். நன்றி மறத்தல் நன்றன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நுரைச்சோலையில் சவூதி நிதியிற் கட்டிய 500 வீடுகள், யாருக்கு எத்தனை என்ற இன விகித வழக்கில் அகப்பட்டு, கட்டி முடிந்தும் ஆண்டுக்கணக்காக ஆளின்றிப் புதர் மண்டிக் கிடந்ததை நாமெல்லாம் கண்டோம். கொடையாளிக்குப் பெயர் இருந்தது. கொடைக்கு உரியவர்க்குக் கதவு இருக்கவில்லை. அலை வந்த அன்று சேற்றிலிருந்து உடல்களை எடுத்தவர் யார்? கபன் துணி தேடி அலைந்தவர் யார்? பள்ளிவாசலில் சோறு சமைத்தவர் யார்? ஊர்ச் சங்கங்களின் இளைஞர்கள். அயலூர்த் தமிழர்களும் கூட. அவர்களின் பெயரில் எத்தனை ஒழுங்கைகள் இருக்கின்றன என்று என் மாணவர்களிடம் கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். கேள்வியே வேடிக்கையாக இருந்தது போலும்.

கரைவலை இழுப்போரின் சங்கத்துக்கும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும், ஜனாஸாச் சங்கத்துக்கும் வீதிப் பெயர் இட வேண்டும் என்று நான் சொல்கிறேன். அவை செயற்படும் காலத்திலேயே, உறுப்பினர் அந்த வீதியிலே குடியிருக்கும் காலத்திலேயே இட வேண்டும். வாடிகள் இருந்த கரையை விடுதிகளுக்குக் கொடுத்துவிட்டு, மீனவர் ஐந்து மைல் உள்ளே போய்க் குடியேறிய பிறகு, விடுதி வாசலில் ‘மீனவர் வீதி’ என்று பலகை நடுவதைக் காட்டிலும் பெயரிடாமல் இருப்பதே மேல்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். சங்கங்களும் களங்கமற்றவையல்ல, அவற்றிலும் தலைமைப் பித்தும் கணக்குக் குளறுபடியும் சாதி குலப் போட்டியும் உண்டு, இன்று பெயரிட்டு நாளை வெட்கப்பட நேரும் என்பர். உண்மைதான். ஆனால் தனிமனிதர் பெயரிட்டு நாம் வெட்கப்பட்டதை விடவா அதிகம்? சங்கம் கெட்டால் அதன் உறுப்பினர் கூடித் திருத்தலாம். பலகையில் ஏறிய பெரிய மனிதரைத் திருத்த வழியேது?

இவ்வளவும் பேசும்போது என் மனத்தை அரிப்பது வேறொன்று. இந்நாட்டிற் குடியேறிய மக்கள் என்று வரலாற்றிலே மிகப் பெருந்தொகையாக வந்தவர்கள் மலையகத் தமிழர். 1823 முதல், தலைமன்னாரிலே கரையேறி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியிற் செத்தவர்களை வழியிலேயே விட்டுச் சென்றவர்கள். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் என்ற அமைப்பைக் கண்டவர்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனைத் தம் முதல் தியாகியாக நினைவில் வைத்திருப்பவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால், 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மீதி பின்னர் பார்ப்போம் என்று மூட்டை எண்ணுவது போல் எண்ணப்பட்டவர்கள். 2023இல், வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை அதே தலைமன்னார் – மாத்தளைப் பாதையில் நடந்தார்கள். தம்மை ‘இந்தியத் தமிழர்’ என்றல்ல, ‘மலையகத் தமிழர்’ என்றே பதிய வேண்டுமென்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. பெயரிடும் உரிமைக்கான போராட்டத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை.

இவர்களின் சங்கம் எதற்காவது வீதிப் பெயர் கொடுப்போம் என்று யாராவது முன்வந்தால், அதை எங்கே நடுவது? லயன் அறைகளின் முன்னால் உள்ள ஒற்றையடிப் பாதைக்குப் பெயரில்லை. அறைகளுக்கு உரிய விலாசமுமில்லை. எத்தனையோ தோட்டங்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே விலாசம்: தோட்டத்தின் பெயர். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது லயனுக்கு வரும் என்பது அலுவலகத்தாரின் மனத்தையும் வேலையையும் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லும் கடிதம், பரீட்சை முடிந்த பிறகு கைக்குக் கிடைப்பதும் உண்டு.

மலையகத்திலிருந்து நம் பகுதிக்கு வந்து சில காலம் கற்பித்த ஓர் ஆசிரியரை நான் அறிவேன். நிந்தவூரில் வாடகைக்கு இருந்த வீட்டின் இலக்கத்தையும் வீதியின் பெயரையும் ஒரு தாளில் எழுதித் தன் தாயாருக்கு அனுப்பினாராம். பதிலெழுதியபோது தாயார் அந்த விலாசத்தைக் கடித உறையில் மட்டுமன்றி, கடிதத்தின் உள்ளேயும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை எழுதியிருந்தார்.